வாக்குமூலம் யாருடையது?

பிலிம் நுவார் பற்றி எழுதப் புகுபவர் எவரும் தவறாமல் தொடும் பாத்திரம் ‘ஃபெம் ஃபத்தால்’. அழிவைக் கொண்டுவரும் பெண் என்று அந்தப் பிரெஞ்சுச் சொல்லுக்குப் பொருள் கொள்ளலாம். தன் கவர்ச்சியால் ஓர் ஆணைக் குற்றத்துள் இழுத்து, அவனையும் அழித்துத் தானும் அழிபவள். விரிவுரையாளனாக இருந்த காலத்தில் நான் மாணவர்களுக்கு ஒரு விளக்கம் சொல்லிவந்தேன். இரண்டாம் உலகப்போரில் அமெரிக்க ஆண்கள் களத்துக்குப் போக, பெண்கள் தொழிற்சாலைகளுக்குள் வந்தார்கள். சொந்தக் காலில் நின்ற அந்தப் பெண்மீது, திரும்பிவந்த ஆண் கொண்ட அச்சமே திரையில் இவளாக உருக்கொண்டது. விமர்சகர்கள் பலரும் இதை வெவ்வேறு அழுத்தங்களுடன் சொல்லியிருக்கிறார்கள். இன்று பெண்களோடு ஒரே பெல்ற்றில் நின்று இரவு வேலை செய்பவன் என்ற நிலையில், இதை அப்படியே ஒப்புக்கொள்ள என்னால் முடியவில்லை.

இவ்வகைக்கு முன்மாதிரியாகக் கொள்ளப்படும் ‘டபிள் இன்டெம்னிற்றி’ படத்தையே எடுத்துக்கொள்வோம். 1927இல் நியூயோர்க்கில் ரூத் ஸ்னைடர் என்ற பெண் தன் காதலனுடன் சேர்ந்து கணவனைக் கொன்றாள். விபத்தில் இறந்தால் இருமடங்கு தரும் காப்புறுதி அவன் பெயரில் இருந்தது. 1928 ஜனவரியில் சிங் சிங் சிறையின் மின்நாற்காலியில் அவள் உயிர் போனது. இந்த வழக்கின் சாயலில் ஜேம்ஸ் எம். கேய்ன் எழுதிய கதை 1936இல் தொடராக வந்தது. ரேமண்ட் சாண்ட்லருடன் சேர்ந்து திரைக்கதை எழுதி பில்லி வைல்டர் இயக்கிய படம் 1944இல் வெளியானது. போர் முடிய இன்னும் ஒரு வருடம் இருந்தது. ஆகவே திரும்பிவந்த சிப்பாயின் அச்சம் இக்கதையைப் பெற்றிருக்க முடியாது. பின்னாளில் பார்வையாளனை இத்தகைய படங்களின்பால் அது ஈர்த்திருக்கலாம் என்பது வேறு விடயம்.

தவிரவும், பார்பரா ஸ்ரான்விக் நடித்த பிலிஸ் வேலைக்குப் போகிறவள் அல்ல. முன்பு தாதியாக இருந்தவள், இப்போது லொஸ் ஏஞ்சல்ஸ் வீடொன்றில் கணவனின் கையைப் பார்த்திருக்கிறாள். என்னோடு வேலை செய்யும் பெண்கள் சம்பளச் சீட்டை மடித்துக் கைப்பைக்குள் வைக்கும்போது எனக்கு பிலிஸ்தான் நினைவுக்கு வருகிறாள். அவள் கைக்கு அப்படி ஒரு சீட்டு வருவதில்லை. கணவன் செத்தால்தான் காசு. அவளை நிரபராதியாக்குவது என் நோக்கமல்ல. கணவனின் முதல் மனைவியையும் அவளே சாகவிட்டிருக்கலாம் என்று படம் நம்மைச் சந்தேகிக்க வைக்கிறது.

ஆனால் இவற்றையெல்லாம் நமக்குச் சொல்பவன் யார்? காப்புறுதி முகவர் வோல்ரர் நெஃப். குண்டடிபட்ட உடம்போடு நள்ளிரவில் அலுவலகத்துக்கு வந்து, ஒலிப்பதிவு இயந்திரத்தில் தன் வாக்குமூலத்தைப் பதிகிறான். அது கீய்ஸ் என்ற இன்னோர் ஆணுக்கு. லோரா மல்வி 1975இல் எழுதிய கட்டுரைக்குப் பின் நாம் கமெராவின் ஆண் பார்வை பற்றி நிறையவே பேசிவிட்டோம். குரலைப்பற்றிப் பேசியது குறைவு. நெஃப்பின் குரலைக் கூர்ந்து கேட்டால் அவன் தன்னையே காட்டிக்கொடுப்பது புரியும். கம்பனியை ஏமாற்றும் வழியை அவளைச் சந்திக்க முன்னரே வருடக்கணக்காக யோசித்து வந்தவன் அவன். விபத்து ரயிலில் நடக்கவேண்டும், அப்போதுதான் 50,000 டொலர் 100,000 ஆகும் என்று திட்டமிடுபவனும் அவனே. கடைசியில் ஒருமுறை சுட்டபின் மறுமுறை சுட இயலாமல் அவள் நிற்கிறாள். அவன் இரண்டு தடவை சுடுகிறான். இருந்தும் அவள் அவனைக் கெடுத்தாள் என்று சொல்லிக்கொண்டுதான் நாம் எழுந்து போகிறோம்.

வைல்டர் 1933இல் ஹிட்லருக்குத் தப்பி பேர்லினை விட்டு ஓடியவர். தாயை நாஜிகளுக்குப் பலிகொடுத்தவர். லாங், சியோட்மாக் போன்றோரும் இவ்வாறு வந்துசேர்ந்தவர்களே. இந்த நிழல்கள் அகதிகளின் நிழல்கள் என்று நம்மவர் கூட்டங்களில் நான் பெருமையோடு சொன்னதுண்டு. இப்போது தயக்கமாக இருக்கிறது. பதவியையும் புத்தகங்களையும் விட்டு ஏன் வந்தாய் என்று கேட்பவர்களிடம், மனைவி வற்புறுத்தினாள் என்றே இத்தனை வருடமும் சொல்லிவந்தேன். அவள் வாய்திறக்க முன்னரே கடவுச்சீட்டு விண்ணப்பத்தை நான் நிரப்பி வைத்திருந்ததை அந்தக் கதையில் சேர்ப்பதில்லை. அவளிடம் யாரும் கேட்டதுமில்லை.

படத்தின் முடிவில் நெஃப் வாசலில் சரிந்து கிடக்கிறான். அவனுக்கு நச்சுவாயு அறையில் மரணதண்டனை நிறைவேறும் காட்சியையும் வைல்டர் படமாக்கி, பின்னர் நீக்கிவிட்டார். படம் முழுக்கக் கீய்ஸின் சுருட்டுக்கு நெருப்புக் கொடுத்தவன் நெஃப். இப்போது கீய்ஸ் குனிந்து அவனுடைய சிகரெட்டுக்கு நெருப்புக் கொடுக்கிறார். இரு ஆண்களின் நேசத்தைச் சொல்லும் உயர்ந்த காட்சி என்று இதை வியந்து நானே வகுப்பில் பேசியிருக்கிறேன். போன மாதம், ஒரு விடுமுறை நாளில், மனைவியும் பக்கத்தில் இருந்து பார்த்தாள்.

“அந்த மனுசி அந்த வீட்டுக்குள்ளை கிடக்கிறாள். ஆரும் போய்ப் பாக்கேல்லையே?” என்றாள்.

திரும்ப ஓடவிட்டுப் பார்த்தேன். யாரும் போகவில்லை.