கோதுமைக்குள் ஓர் ஆலிவ் தோப்பு

இத்தாலியை ஒரு பூட்ஸ் என்று வைத்துக்கொண்டால், குதிகாலுக்குச் சற்று மேலே, பின்பக்கமாக விரிந்து கிடக்கும் சமவெளிக்குத் தவோலியேரே என்று பெயர். நடுவில் ஃபோஜா நகரம், சுற்றிலும் கோதுமை. இரண்டாம் உலகப் போரில், 1943இல், நேச நாட்டுப் படைகள் இதைப் பிடித்ததும் வரிசையாக விமானத் தளங்கள் முளைத்தன. பிரிட்டிஷ் படையில் வான்படங்களைப் பார்த்துப் பொருள் சொல்லும் வேலையில் இருந்த ஜான் பிராட்ஃபோர்டுக்கும் பீட்டர் வில்லியம்ஸ்-ஹன்டுக்கும் தொல்லியல் பைத்தியம். பார்க்க வேண்டியது எதிரியின் நடமாட்டத்தை. கண் போனதோ வயல்களின் மேல்.

1945இல் எடுத்த படங்களில், லூச்சேரா என்ற ஊரையடுத்த வயல்களில், பயிருக்கு நடுவே கரும்புள்ளிகள் தெரிந்தன. ஒன்றிரண்டு அல்ல, நூல் பிடித்து வைத்ததுபோல் வரிசை வரிசையாக. பக்கத்தில் நெருக்கமாக ஓடும் இணைகோடுகள். இடையே ஒரு சிறு கட்டடத்தின் செவ்வகம். அங்கிருந்து புறப்பட்ட வண்டிப்பாதை ஒன்று, அம்பு விட்டதுபோல் நேராக ஓடும் சாலையில் போய்ச் சேர்ந்தது. அந்த வயலில் இறங்கி நின்றிருந்தால் காலடியில் கோதுமையைத் தவிர வேறொன்றும் தெரிந்திருக்காது.

புள்ளிகள், ஆலிவ் கன்று நடத் தோண்டிய குழிகள். கோடுகள், திராட்சைக் கொடிக்காக வெட்டிய பள்ளங்கள். வெட்டியவர்கள் ரோமானியக் குடியானவர்கள். கி.மு. 314இல் ரோம் லூச்சேராவில் ஒரு குடியேற்றத்தை நிறுவியது. பின்னர் இந்தச் சமவெளி அளக்கப்பட்டுப் பங்கு போடப்பட்டது. ரோமானிய நில அளவைக்காரர்களின் வழக்கமான கட்டம் பக்கத்துக்குச் சுமார் 710 மீட்டர், நம் கணக்கில் 125 ஏக்கருக்குச் சற்றுக் குறைவு. படத்தில் தெரிந்த நேர்சாலைகள் அப்படி அளந்து போட்ட கட்டத்தின் விளிம்புகள்.

மரம் பட்டுப்போய், வேர் மக்கி, வீடு இடிந்து, நட்டவனின் பேரும் போய்விட்டது. குழி மட்டும் எப்படி மிஞ்சியது?

தவோலியேரேயில் மேல்மண் மெல்லியது. அடியில் சுக்கான் பாறை. ஆலிவ் வைப்பவன் அந்தச் சுக்கானை உடைத்துக் குழி எடுத்து, நல்ல மண்ணை நிரப்பிக் கன்றை நட்டான். மரம் போன பிறகும் சுக்கான் மறுபடி மூடிக்கொள்வதில்லை. குழி, மண் நிறைந்த கிண்ணமாக அப்படியே இருக்கிறது. இரண்டாயிரம் ஆண்டு கழித்து அதன் மேல் விழுந்த கோதுமை விதைக்கு யோகம். சுற்றியுள்ள பயிரின் வேர் பாறையில் முட்டி நிற்க, இதன் வேர் கீழே இறங்கிக்கொண்டே போகிறது. மழை பொய்த்தால் மற்றவை மஞ்சளாகும், குழிமேல் நிற்பது மட்டும் கரும்பச்சையாக, ஒரு சாண் கூடுதல் உயரமாகக்கூட நிற்கும்.

சுவர் இருந்த இடத்தில் இதற்கு நேர்மாறு நடக்கும். அஸ்திவாரக் கல்லுக்கு மேலே மண் குறைவு, ஈரமும் குறைவு. அங்கே பயிர் குட்டையாகி, முன்னதாகவே பழுத்துவிடும். பச்சை வயலில் வெளிறிய கோடுகளாக அறை அறையாக வீட்டின் வரைபடமே விழும். இதைத்தான் பயிர்த்தடம் என்கிறார்கள். வானூர்தி வருவதற்கு முன்பே மனிதக் கண்ணில் பட்ட சங்கதிதான் இது. 16ஆம் நூற்றாண்டு ஆங்கிலேய அறிஞர் வில்லியம் கேம்டன், ரிச்பரோ என்ற பழைய ரோமானியத் தலத்தில், தெருக்கள் ஓடிய இடத்தில் தானியப் பயிர் மெலிந்து நிற்பதைக் கவனித்து எழுதியிருக்கிறார்.

எல்லாப் பயிரும் இப்படிக் காட்டிக்கொடுக்காது. பார்லியும் கோதுமையும் நல்ல சாட்சிகள், புல்வெளி அழுத்தக்காரன். சரளை மண்ணும் சுண்ணாம்பு மண்ணும் பேசும், களிமண் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு வாயைத் திறக்காது. இங்கிலாந்தில் ஜூன், ஜூலையில் சில வாரங்களே அவகாசம். மழை தவறாமல் பெய்தால் அந்த ஆண்டு ஒன்றுமில்லை. விவசாயி தலையில் கைவைத்து உட்காரும் ஆண்டுதான் வான்வழித் தொல்லியலாளருக்கு அறுவடை. 1976இலும் 2018இலும் பிரிட்டனில் வாட்டிய வறட்சி, மண்ணுக்குள் இருந்தவற்றை வெளிச்சம் போட்டுக் காட்டியது.

பிரான்சின் வடக்கே பிக்கார்டியில் கதை வேறு மாதிரி. 1960களிலிருந்து ரோஜர் அகாஷ் சிறு விமானத்தில் சோம் ஆற்றுப் பகுதியைச் சுற்றிச் சுற்றி வந்தார். அவருக்குப் பிடித்த பருவம் குளிர்காலம். பயிரே இல்லாத, உழுதுபோட்ட ஈர நிலத்தில், பழுப்பு மண்மேல் சுண்ணாம்புக் கல் அஸ்திவாரங்கள் சாக்பீஸால் வரைந்ததுபோல் வெள்ளையாகத் தெரியும். இப்படி நூற்றுக்கணக்கான ரோமானியப் பண்ணை மாளிகைகளைக் கண்டுபிடித்தார். உடைமையாளர் வீடு ஒரு கோடியில், அதன் முன்னே நீண்ட முற்றம், இரு ஓரங்களிலும் வேலையாட்களுக்கும் தானியத்துக்கும் கால்நடைக்குமான கட்டடங்கள். இந்த வெள்ளைக் கோடு வந்த விதத்தை நினைத்தால்தான் நெஞ்சு சற்று அடைக்கிறது. டிராக்டரின் ஆழ உழவு, அஸ்திவாரத்தை நொறுக்கி மேலே இழுத்துப் போட்டதால் வந்த கோடு அது. படத்தில் பளிச்சென்று தெரியும் சுவர், அழிந்துகொண்டிருக்கும் சுவர்.

சரி, பார்த்தவுடன் ரோமானியம் என்று எப்படிச் சொல்வது? நேர்கோடு, செங்கோணம், முன்புறத் தாழ்வாரம், இரு மூலைகளிலும் துருத்தும் அறை என்றால் சந்தேகம் குறையும். ஆனால் ஒரே வயலில் பல காலம் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கும். தவோலியேரேப் படங்களிலேயே, ரோமானியர்களுக்கு ஐயாயிரம் ஆண்டுக்கும் முந்தைய புதிய கற்கால ஊர்களின் வட்ட அகழிகள் இருநூறுக்கு மேல் கிடைத்தன. பழைய வடிகால் குழாயும் கோடாகத் தெரியும். பனியுகத்தில் நிலம் உறைந்து வெடித்த பிளவும் வரப்பு மாதிரி ஏமாற்றும். சோம் பகுதியில் கோணல்மாணலாக ஓடும் வெள்ளைக் கோடு, முதல் உலகப் போரின் பதுங்குகுழி. ஆக, படம் இடத்தைச் சொல்லும், காலத்தைச் சொல்லாது. அதற்கு வயலில் இறங்கி நடந்து, கூரை ஓட்டுச் சில்லையும் பானை ஓட்டையும் பொறுக்க வேண்டும், சில இடங்களில் தோண்ட வேண்டும். பிராட்ஃபோர்டும் 1949-50இல் திரும்பிவந்து தோண்டினார்.

இன்னொரு குறையும் உண்டு. கல்லால் கட்டியவனைப் படம் எளிதில் காட்டுகிறது. மரத்தாலும் மண்ணாலும் குடிசை போட்டவன் பெரும்பாலும் நழுவிவிடுகிறான், அவனே அந்நாள் கிராமத்தில் அதிகம். அதனால்தான் மாளிகைகளின் படத்தைவிட, லூச்சேராவில் சிறு குடியானவன் தோண்டிய குழிகளின் படம் எனக்கு ஒரு படி மேல்.

நீங்களும் பார்க்கலாம். கூகுள் எர்த்தில் ஃபோஜாவைத் தேடி, மேற்கே லூச்சேரா பக்கம் மெல்ல நகருங்கள். பழைய தேதிப் படங்களைத் திருப்பிப் பார்க்க வசதி உண்டு. ஏப்ரல், மே மாதப் படமாக எடுங்கள். ஜூலைப் படத்தில் அறுவடை முடிந்து தாள்தான் கிடக்கும்.