அல்சர் ஆபரேஷன் செய்தவர்கள் கேட்டு வாங்க வேண்டிய காகிதம்

எடப்பாடி பக்கம் அறுபது, எழுபது வயதுக்காரர் யாருக்காவது மேல்வயிற்றில் நெடுக்காகத் தழும்பு இருந்தால், அது பழைய அல்சர் ஆபரேஷனாக இருக்கலாம். இரைப்பையில் அமிலத்தைத் தூண்டும் வேகஸ் நரம்பை வெட்டி, இரைப்பையைச் சிறுகுடலோடு இணைத்துவிடுவார்கள். நல்ல மாத்திரைகள் வராத காலத்தில் அதுதான் வைத்தியம்.

நரம்பு முழுதாக அறுபட்டதா?

வேகஸ் நரம்பு உணவுக்குழாயின் முன்னும் பின்னுமாக இறங்குகிறது. பின்பக்கக் கிளை கண்ணுக்குத் தப்பிவிட்டால் அமிலம் சுரந்துகொண்டே இருக்கும், புண் திரும்பும். அதனால்தான் வெட்டிய துண்டை ஆய்வகத்துக்கு அனுப்பி, அது நரம்புதானா என்று பார்ப்பார்கள்.

1946-ல் ஹாலண்டர் கொண்டுவந்த இன்சுலின் சோதனை இன்னொரு வழி. வெறும் வயிற்றில் மூக்கு வழியே குழாய் விட்டு, இன்சுலின் ஏற்றி, இரத்தச் சர்க்கரையைத் தாழ்த்துவார்கள். கால் மணிக்கு ஒருமுறை இரைப்பை நீரை உறிஞ்சி அளப்பார்கள். அமிலம் ஏறினால் நரம்பு மிச்சமிருக்கிறது. ஆனால் சர்க்கரை அதிகம் இறங்கினால் வேர்த்து, நடுங்கி, வலிப்பே வரலாம். இதய நோயாளிக்கு உயிருக்கே ஆபத்து. இன்று இதை அநேகமாகக் கைவிட்டுவிட்டார்கள். உணவை மென்று துப்பச் சொல்லி அமிலத்தை அளக்கும் முறை இதைவிடப் பாதுகாப்பானது.

புண் திரும்பினால்?

எல்லாப் பழியையும் நரம்பின் மேல் போடாதீர்கள். ஹெலிகோபாக்டர் பைலோரி கிருமியும், மெடிக்கலில் கேட்டு வாங்கி விழுங்கும் வலி மாத்திரையும் முக்கியக் காரணங்கள். கிருமியைக் கண்டறிந்த இருவருக்கு 2005-ல் நோபல் பரிசு கிடைத்தது. எண்டோஸ்கோப்பியும் கிருமிச் சோதனையும் செய்யச் சொல்லிக் கேளுங்கள். பழைய ஆபரேஷன்காரர்கள் இரத்தசோகைக்கும் பி12 குறைவுக்கும் பரிசோதித்துக்கொள்வது நல்லது.

உங்கள் உரிமை

எந்தச் சோதனைக்கும் முன்பு அதன் ஆபத்தையும் மாற்று வழியையும் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே கையெழுத்திடுங்கள். மருத்துவக் குறிப்புகளைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தரவேண்டும் என்கிறது 2002-ஆம் ஆண்டு மருத்துவ நெறிமுறை விதி. அவற்றை 3 ஆண்டு காத்தால் போதும் என்பதால், ஆபரேஷன் குறிப்பையும் டிஸ்சார்ஜ் சீட்டையும் உடனே வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். காசு கொடுத்துப் பெற்ற சிகிச்சையில் கவனக்குறைவு இருந்தால் 2 ஆண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை அணுகலாம். மருத்துவரின் நடத்தை பற்றித் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலிலும் புகார் தரலாம்.

மலம் தார்போலக் கறுத்தாலோ, இரத்த வாந்தி வந்தாலோ காகிதத்தைத் தேடிக்கொண்டிருக்க வேண்டாம். உடனே 108-ஐ அழையுங்கள்.