கச்சான் எத்தனை மணிக்கு வந்தது?

தூத்துக்குடியிலிருந்து திருநெல்வேலி போகிற சாலையில் சுமார் 15 கிலோமீட்டரில் ஒரு புதுக்கோட்டை இருக்கிறது. மாவட்டத் தலைநகரான புதுக்கோட்டை வேறு, இது வேறு. கோரம்பள்ளத்தைத் தாண்டி, வாகைக்குளம் விமான நிலையத்தை நெருங்கும்போது வரும் ஊர் இது. கிழக்கே கடற்கரையில் துறைமுகமும் உப்பளங்களும். மேற்கே போகப் போக வறண்ட நிலமும் பாளையங்கோட்டை வெயிலும். கடற்காற்றும் மலைக்காற்றும் கோடை முழுக்க இழுபறி நடத்துகிற இடத்தில் இந்த ஊர் அமைந்திருக்கிறது. வீட்டில் ஒரு வானிலைக் குறிப்பேடு வைக்க இதைவிடப் பொருத்தமான ஊரைத் தேட வேண்டியதில்லை.

பங்குனி, சித்திரை மாதங்களில் இங்கே காலை நேரம் பெரும்பாலும் காற்றில்லாமல் தொடங்கும். வெயில் ஏற ஏறத் தரை சூடாகும். கடல் அவ்வளவு வேகமாகச் சூடாகாது. தரைமேல் உள்ள காற்று இலேசாகி மேலே போக, அந்த இடத்தை நிரப்பக் கடலிலிருந்து காற்று புறப்படும். கரையோரத்தில் முற்பகலிலேயே வந்துவிடும் அந்தக் காற்று, 15 கிலோமீட்டர் உள்ளே வர இன்னும் ஒன்றிரண்டு மணி நேரம் ஆகலாம். அது வந்ததும் வெப்பமானி இரண்டு மூன்று டிகிரி இறங்கும், காற்றில் ஈரம் கூடும். அன்றைய உச்ச வெப்பம் எவ்வளவு என்பதை, கடற்காற்று எத்தனை மணிக்கு வந்து சேர்ந்தது என்பதே தீர்மானிக்கிறது.

வைகாசி முடிந்து ஆனி பிறந்தால் காட்சி மாறும். கச்சான் தொடங்கிவிடும். தென்மேற்குப் பருவக்காற்று கேரளப் பக்கம் மலையேறும்போது ஈரத்தையெல்லாம் மழையாகக் கொட்டிவிட்டு, வறண்ட காற்றாக இந்தப் பக்கம் இறங்குகிறது. இறங்கும் வறண்ட காற்று ஒவ்வொரு 100 மீட்டருக்கும் ஏறத்தாழ ஒரு டிகிரி சூடேறும். அகத்தியமலை 1,868 மீட்டர் உயரம். அந்த மலைத்தொடரைத் தாண்டி வரும் காற்றுக்கு எவ்வளவு சூடு ஏறும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம். ஆரல்வாய்மொழி, செங்கோட்டைக் கணவாய்கள் வழியே அதே காற்று வேகமெடுத்து வருவதால்தான் முப்பந்தலிலும் கயத்தாறிலும் அத்தனை காற்றாலைகள். குற்றாலத்தில் சாரல் விழுகிற அதே நாளில் இங்கே புழுதி பறக்கும். கச்சான் பலமாக அடிக்கும் நாளில் கடற்காற்று உள்ளே நுழைய முடியாமல் கரையோரமே நின்றுவிடும். சில நாள் வரவே வராது. கத்திரி முடிந்தால் வெயில் தணியும் என்ற வழக்கமான நம்பிக்கை இந்தக் கரைக்குப் பொருந்தாமல் போவது இதனால்தான்.

முத்துக்குளிப்பும் இந்தக் கணக்கில்தான் நடந்தது. வாடை ஓய்ந்து, கச்சான் தொடங்குவதற்கு முன் கடல் அமைதியாகவும் தெளிவாகவும் இருக்கும் மார்ச், ஏப்ரலை ஒட்டிய நாட்களில்தான் முத்துப்பார்களுக்குத் தோணிகள் போயின. தூத்துக்குடியில் கடைசியாகப் பெரிய அளவில் முத்துக்குளிப்பு நடந்தது 1961-ல். உப்பளத்துக்காரர்களுக்குக் காற்று இன்றைக்கும் வாழ்க்கைப் பிரச்சினை. கச்சான் அடித்தால் பாத்தியில் நீர் சீக்கிரம் வற்றும். ஒரு கோடை மழை விழுந்தால் விளைந்து நிற்கும் உப்பு கரைந்துபோகும்.

ஆகவே இங்கே வெப்பமானியில் உச்ச அளவை மட்டும் எழுதி வைப்பது பாதி வேலைதான். உதாரணத்துக்கு இரண்டு நாட்களை எடுத்துக்கொள்வோம். ஒன்று, சித்திரையில் கடற்காற்று வந்த நாள்: 34 டிகிரி, ஈரப்பதம் 65 சதவீதம். இன்னொன்று, ஆனியில் கச்சான் அடித்த நாள்: 39 டிகிரி, ஈரப்பதம் 30 சதவீதம். தொலைக்காட்சியில் இரண்டாவது நாள்தான் செய்தியாகும். ஆனால் ஈரத்துணி சுற்றிய வெப்பமானி காட்டும் ஈரக்குமிழ் வெப்பநிலையைப் பார்த்தால், முதல் நாளில் அது சுமார் 28.5, இரண்டாவது நாளில் சுமார் 25. நம் உடல் வியர்வையை ஆவியாக்கித்தான் குளிர்கிறது. ஈரக்குமிழ் அளவு கூடக்கூட அந்த வழி அடைபடும். அது 35-ஐத் தொட்டால் நிழலில் உட்கார்ந்திருக்கும் திடகாத்திரமான ஆளும் சில மணி நேரத்துக்கு மேல் தாங்க முடியாது என்பது 2010-ல் அறிவியலாளர்கள் முன்வைத்த எல்லை. உண்மையான எல்லை அதைவிடக் கீழே என்று பின்னால் வந்த சோதனைகள் சொல்கின்றன. 34 டிகிரியில் உப்பளத்தில் நிற்கிற பெண் ஏன் அப்படித் தளர்ந்து போகிறார் என்பதை உச்ச வெப்ப எண் சொல்லாது, ஈரக்குமிழ் எண் சொல்லும்.

இதை அளக்க விலையுயர்ந்த கருவி தேவையில்லை. ஒரே மாதிரி இரண்டு வெப்பமானிகள். ஒன்றின் குமிழில் மெல்லிய மல் துணியைச் சுற்றி, அதன் நுனி திரிபோல் நீண்டு ஒரு சின்னக் குப்பித் தண்ணீரில் நனைந்திருக்கும்படி விட வேண்டும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை அட்டவணையில் பார்த்தால் ஈரப்பதம் தெரிந்துவிடும். கடற்கரைப் பக்கம் இதில் ஒரு சங்கடம் உண்டு. காற்றில் வரும் உப்பு படிந்து அந்தத் துணி விறைத்துப்போகும், நீர் ஏறாது. துணி காய்ந்தால் ஈரக்குமிழ் பொய் சொல்லத் தொடங்கும், அதுவும் நம்பும்படியான பொய். அதே காரணத்தால், உப்புக் கரைந்த குழாய்த் தண்ணீரும் ஆகாது. வடித்த நீரோ பிடித்து வைத்த மழைநீரோதான் சரி. துணியையும் அடிக்கடி மாற்ற வேண்டும். கச்சான் காலத்தில் புழுதியும் சேர்ந்துகொள்ளும். துணி பழுப்பேறியதும் மாற்றிவிடுவது நல்லது. மின்னணு ஈரப்பத உணரிகளும் உப்புக்காற்றில் மெல்லத் தடம் மாறும். அவற்றைச் சரிபார்க்கவும் இந்தப் பழைய ஜோடி உதவும்.

இந்த இரண்டு வெப்பமானிகளையும் ஒரு பெட்டிக்குள் வைக்க வேண்டும். அந்தப் பெட்டியை வடிவமைத்தவர் கலங்கரை விளக்கம் கட்டும் பொறியாளர் தாமஸ் ஸ்டீவன்சன். ‘புதையல் தீவு’ எழுதியவரின் தந்தை. வெள்ளை அடித்த, இரட்டைச் சட்டம் வைத்த மரப்பெட்டி அது. காற்று நுழையும், வெயில் நுழையாது. தரையிலிருந்து சுமார் நான்கடி உயரத்தில், புல்லோ மண்ணோ உள்ள திறந்த இடத்தில் நிற்க வேண்டும். மொட்டை மாடியின் கான்கிரீட்டில் வைத்தால் மாடியின் சூட்டைத்தான் அளப்போம்.

பெட்டியின் கதவு வடக்கே பார்த்து இருக்கட்டும் என்று கையேடுகள் சொல்லும். இங்கிலாந்துக்கு அது முழுக்கச் சரி. தூத்துக்குடி ஏறத்தாழ 8.8 டிகிரி வட அட்சரேகையில் இருக்கிறது. சித்திரை பிறப்பதை ஒட்டி ஒரு நண்பகலில் சூரியன் நம் உச்சந்தலைக்கு நேரே வரும். அன்று நிழல் விழாது. அதன்பின் ஆகஸ்ட் இறுதி வரை நண்பகல் சூரியன் நமக்கு வடக்கே நிற்கும். நம் கோடையின் பெரும் பகுதி இதில் அடங்கிவிடுகிறது. அந்த மாதங்களில் மதியம் வடக்குக் கதவைத் திறந்தால் வெயில் உள்ளே விழக்கூடும். ஆகவே தெற்கிலும் ஒரு கதவு வைத்து, எந்தப் பக்கம் நிழலோ அந்தப் பக்கம் திறப்பதுதான் இந்த ஊருக்குப் பொருந்தும்.

இந்திய வானிலை ஆய்வுத் துறையின் நிலையங்கள் மழையைக் காலை 8.30-க்கு அளந்து, முந்தைய 24 மணி நேரக் கணக்காக எழுதும். வீட்டுக் குறிப்பேடும் அதே நேரத்தைப் பின்பற்றினால்தான் ஒப்பிட முடியும். மழைமானிக்கு வாயின் விட்டம் 11.3 சென்டிமீட்டர் உள்ள புனல் போதும். பரப்பு 100 சதுர சென்டிமீட்டர் ஆகும். சேர்ந்த நீர் 10 மில்லிலிட்டர் என்றால் ஒரு மில்லிமீட்டர் மழை. பக்கத்து மரமோ சுவரோ எவ்வளவு உயரமோ அதைப்போல் இரு மடங்கு தூரம் தள்ளி வைக்க வேண்டும், அவ்வளவுதான்.

சென்னையில் 1796-ல் ஜான் கோல்டிங்ஹாம் வானிலைப் பதிவைத் தொடங்கியபோது இந்திய வானிலை ஆய்வுத் துறை பிறக்கவே இல்லை. அது 1875-ல்தான் வந்தது. இந்த அறிவியலுக்குத் தனிமனிதரின் விடாத பழக்கம்தான் அடித்தளம். இன்றும் அப்படித்தான். அமெரிக்காவின் போர்ட் காலின்ஸ் நகரில் 1997-ல் வந்த வெள்ளத்துக்குப் பிறகு, வீட்டு முற்றங்களில் மழையளக்கும் குடிமக்கள் வலையமைப்பு உருவானது. கேரளத்தில் மீனச்சில் ஆற்றுப்படுகை மக்கள் தங்கள் வீடுகளில் மழையை அளந்து பகிர்ந்துகொள்கிறார்கள். வயநாட்டில் ஹியூம் மையம் நடத்தும் மழைமானி வலையமைப்பு, 2024 ஜூலை 30 நிலச்சரிவுக்கு முந்தைய நாளே எச்சரிக்கை கொடுத்தது.

நம் மாவட்டத்துக்கும் இந்தப் பாடம் வந்தாயிற்று. 2023 டிசம்பர் 18 காலை வரையிலான 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் 95 சென்டிமீட்டர், திருச்செந்தூரில் 69, ஸ்ரீவைகுண்டத்தில் 62 சென்டிமீட்டர் மழை. அருகருகே உள்ள ஊர்களுக்குள் இவ்வளவு வித்தியாசம் என்றால், இடையில் உள்ள ஊர்களில் என்ன பெய்தது என்பதை அங்கே ஒரு மழைமானி இருந்தால் மட்டுமே சொல்ல முடியும். கோடை இடிமழை இன்னும் சின்ன வட்டத்தில் பெய்வது. கோரம்பள்ளத்தில் கொட்டும், புதுக்கோட்டையில் தூறல்கூட இருக்காது.

பள்ளி ஆசிரியர்களிடமும் உப்பளத்துக்காரர்களிடமும் ஒரு வேண்டுகோள். வரும் பங்குனியில் ஒரு நோட்டை எடுத்து ஐந்து கட்டம் போடுங்கள்: உச்ச வெப்பம், தாழ்ந்த வெப்பம், ஈரக்குமிழ், மழை, காற்று திசை மாறிய நேரம். இடத்தையும் நேரத்தையும் மட்டும் மாற்றாதீர்கள். மழை பெய்யாத நாளில் கட்டத்தை வெறுமனே விடாமல் 0 என்று எழுதுங்கள். வெறும் கட்டத்தைப் பார்க்கிறவருக்கு மழை இல்லையா, நீங்கள் பார்க்கவில்லையா என்று தெரியாது.