நடைச்சீட்டைக் கேளுங்கள்

பரளச்சி, திருச்சுழி, அருப்புக்கோட்டை வட்டாரம் வானம் பார்த்த பூமி. மிளகாய், மல்லி, பருத்தி, கம்பு எல்லாமே ஐப்பசி, கார்த்திகை மழையை நம்பித்தான் விளைகின்றன. அந்த மழையைத் தேக்கி வைக்கத்தான் முன்னோர் கண்மாய்களையும் ஊருணிகளையும் வெட்டினார்கள். குண்டாற்றில் தண்ணீர் ஓடும் நாட்களைவிட ஓடாத நாட்களே அதிகம். அதனால் இந்தச் சீமையில் கண்மாய் கெட்டால் வெள்ளாமை கெட்டது, ஆடு மாடுகளின் குடிநீர் கெட்டது, கிணற்று ஊற்றும் கெட்டது என்று பொருள்.

நகரத்து மனையை மேடாக்கவும், நாற்கரச் சாலையை உயர்த்தவும், வீட்டு அஸ்திவாரத்தை நிரப்பவும் தேடப்படுகிற மண்ணும் இதே கண்மாய்களில்தான் கிடக்கிறது. புது வீடு வேண்டாம், நல்ல சாலை வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் அதற்கு ஆகும் செலவில் ஒரு பகுதிதான் ரசீதில் வருகிறது. மிச்சத்தை மண்ணைப் பறிகொடுத்த ஊர் சுமக்கிறது. நடுவில் கைமாறும் லஞ்சம் அந்தக் கணக்கை வெளியே தெரியாமல் மூடிவைக்கிறது.

சட்டம் எதை அனுமதிக்கிறது?

கண்மாயில் வண்டல் எடுப்பது குற்றமல்ல. முறையாக எடுத்தால் கண்மாய்க்கும் நல்லது, வயலுக்கும் நல்லது. விவசாயிகள் கட்டணமின்றி வண்டல் எடுத்துக்கொள்ளத் தமிழ்நாடு அரசு அனுமதி தருகிறது. நன்செய் நிலமானால் ஏக்கருக்கு 75 கன மீட்டர், அதாவது 25 டிராக்டர் நடை. புன்செய்க்கு ஏக்கருக்கு 90 கன மீட்டர், அதாவது 30 நடை. வீட்டுத் தேவைக்கும் மண்பாண்டத் தொழிலுக்கும் தனி அளவு உண்டு. 2024 முதல் இந்த அனுமதியை வட்டாட்சியரே வழங்கலாம். கண்மாய் இருக்கும் அதே வட்டத்தில் நிலமோ வீடோ உள்ளவருக்குத்தான் அனுமதி.

இந்த அளவை வைத்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஐந்து ஏக்கர் புன்செய் வைத்திருப்பவருக்கு 450 கன மீட்டர் மண் கிடைக்கும். ஒரு யூனிட் என்பது 100 கன அடி. ஐந்து யூனிட் பிடிக்கும் டாரஸ் லாரியில் ஏற்றினால் 32 நடையில் அந்த அளவு தீர்ந்துவிடும். அதே பெயரில் முப்பத்து மூன்றாவது லாரி கிளம்பினால் அது திருட்டு. முப்பத்திரண்டுக்குள் இருந்தாலும், அந்த லாரி வயலுக்குப் போகாமல் நாற்கரச் சாலையில் ஏறி வேறு ஊர் மனைக்குப் போனால் அதுவும் முறைகேடு. சிறு விவசாயியின் சிட்டாவைக் காட்டி அனுமதி வாங்குவது, ஒரு நடைக்கு மட்டும் செல்லும் அனுமதிச் சீட்டான நடைச்சீட்டு ஒன்றிலேயே பல நடை அடிப்பது, வண்டல் அல்லது சவுடு என்று எழுதிவிட்டு அடியில் இருக்கும் மணலை அள்ளுவது ஆகியவைதான் வழக்கமான மூன்று தந்திரங்கள். சவுடு என்ற பெயரில் மணல் போவதை உயர் நீதிமன்ற மதுரைக் கிளையும் கடுமையாகக் கண்டித்திருக்கிறது.

பள்ளம் தோண்டினால் தண்ணீர் பெருகுமா?

“ஆழப்படுத்தினால் கூடுதலாகத் தண்ணீர் நிற்குமே, நல்லதுதானே” என்று சொல்லி ஊரைச் சமாதானப்படுத்துவார்கள். கண்மாய்ப் பாசனம் தெரிந்தவர் யாரும் இதை ஒப்ப மாட்டார். மடையின் அடிமட்டத்துக்கு மேலே நிற்கும் தண்ணீர்தான் தானாக வயலுக்குப் பாயும். அதற்குக் கீழே தோண்டிய கிடங்கில் நிற்கும் தண்ணீரை மோட்டார் வைத்துத்தான் இறைக்க வேண்டும். வருகிற மழைநீர் முதலில் அந்தக் கிடங்குகளை நிரப்பிவிட்டுத்தான் மடைக்கு ஏறும். மழை குறைந்த ஆண்டில் மடைக்கு ஏறாமலே போகும். கரையடியில் தோண்டினால் கரை வலுவிழந்து, பெருமழையில் உடையும். தண்ணீர் மூடிய கிடங்கின் ஆழம் மேலே தெரியாது. குளிக்கப் போகும் பிள்ளைகளுக்கு அது உயிர்ப்பொறி.

பறிபோகும் பணமும் உயிரும்

முறைகேடு கண்மாய் மண்ணோடு நிற்பதில்லை, கல்லிலும் ஆற்றுமணலிலும் உண்டு. மதுரை மாவட்டக் கிரானைட் குவாரிகளால் அரசுக்கு ஏற்பட்ட இழப்பு 16,338 கோடி ரூபாய் இருக்கலாம் என்று 2012-ல் அப்போதைய ஆட்சியர் உ. சகாயம் அரசுக்கு எழுதினார். 2023-ல் ஆற்றுமணல் குவாரிகளில் சோதனை நடத்திய அமலாக்கத் துறை, அள்ளிய மணலின் மதிப்பு 4,730 கோடி, அரசுக்கு வந்த வருவாய் 36.45 கோடி என்று நீதிமன்றத்தில் சொன்னது. அத்துறையின் நடவடிக்கைகளை உயர் நீதிமன்றம் 2024 ஜூலையில் சட்டக் காரணங்களால் ரத்து செய்துவிட்டது. ஆனால் மணலுக்குக் கணக்கு எங்கே என்ற கேள்வி அப்படியே நிற்கிறது.

பணத்தைவிடப் பெரிய இழப்பு உயிர். தூத்துக்குடி மாவட்டம் முறப்பநாட்டில் மணல் கடத்தலைப் பற்றிப் புகார் கொடுத்த கிராம நிர்வாக அலுவலர் லூர்து பிரான்சிஸை, 2023 ஏப்ரல் 25 அன்று அவருடைய அலுவலகத்துக்குள்ளேயே புகுந்து வெட்டிக் கொன்றார்கள். அந்த ஆண்டு செப்டம்பரிலேயே இருவருக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. புதுக்கோட்டை மாவட்டம் திருமயம் பகுதியில் கல்குவாரி முறைகேடுகளை எதிர்த்த ஜகபர் அலி, 2025 ஜனவரியில் லாரி ஏற்றிக் கொல்லப்பட்டார். நம் பக்கத்துக் காரியாபட்டி வட்டாரத்தில், ஆவியூர் அருகே கல்குவாரியின் வெடிமருந்துக் கிடங்கு வெடித்து மூன்று தொழிலாளர்கள் இறந்தது 2024 மே 1 அன்று. உழைப்பாளர் தினத்தில் அவர்கள் வேலையில் இருந்தார்கள்.

உங்கள் கையில் உள்ள சட்டங்கள்

குளம் குட்டைகள் ஊர்ப் பொதுச் சொத்து, அவற்றைக் காப்பது வாழ்வுரிமையின் பகுதி என்று 2001-ல் ஹிஞ்ச் லால் திவாரி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. 1957-ஆம் ஆண்டின் சுரங்கங்கள் மற்றும் கனிமங்கள் சட்டப்படி, அனுமதியின்றித் தோண்டினாலும் ஏற்றிச் சென்றாலும் ஐந்து ஆண்டுகள் வரை சிறை உண்டு. வண்டியையும் பறிமுதல் செய்யலாம். மணல் கொள்ளையில் திருட்டு வழக்கையும் காவல்துறை பதியலாம் என்று 2014-ல் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்திவிட்டது. “இது எங்கள் வேலை இல்லை, கனிமவளத் துறையிடம் போங்கள்” என்று காவல் நிலையம் கைகழுவ முடியாது.

என்ன செய்யலாம்?

முதலில் தகவல் உரிமைச் சட்டம். பத்து ரூபாய்க் கட்டணத்தில் வட்டாட்சியர் அலுவலகத்துக்கும், மாவட்டக் கனிமவளத் துறை உதவி இயக்குநர் அலுவலகத்துக்கும் மனு அனுப்புங்கள். எந்தக் கண்மாய், எந்தப் புல எண், யார் யார் பெயரில், எத்தனை கன மீட்டர், எவ்வளவு ஆழம், எந்தத் தேதி வரை அனுமதி என்று கேளுங்கள். நடைச்சீட்டு நகல்களையும் கேளுங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு, பிறகு மாநிலத் தகவல் ஆணையம்.

அடுத்தது கிராம சபை. ஆண்டுக்கு ஆறு முறை, ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் கூடுகிறது. தீர்மானத்தை எழுத வைத்து, நகல் வாங்குங்கள். திங்கள்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர்க்கும் கூட்டத்தில் மனு கொடுத்தால் ஒப்புகைச் சீட்டு வாங்காமல் திரும்பாதீர்கள். 1100 என்ற முதல்வரின் உதவி மைய எண்ணிலும் புகாரைப் பதியலாம்.

அலுவலர் லஞ்சம் கேட்டால் பணம் கொடுப்பதற்கு முன்பே லஞ்ச ஒழிப்புத் துறையிடம் போங்கள். வேறு வழியில்லாமல் கொடுத்திருந்தாலும் ஏழு நாட்களுக்குள் புகார் செய்தால், கொடுத்ததற்காக உங்கள் மீது வழக்கு வராது. கண்மாய்க்கு ஏற்பட்ட சேதத்தைத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் சென்னை அமர்வுக்குக் கொண்டுபோகலாம். ஆறு மாதத்துக்குள் போவது முக்கியம். வழக்கறிஞர் வைக்க வசதியில்லாதவர்களுக்கு மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவசமாக உதவும். பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடி மக்களுக்கும் வருமான வரம்பு கிடையாது. உதவி எண் 15100.

உயிர் முக்கியம்

முறைகேட்டை வெளிப்படுத்துவோரைக் காக்க 2014-ல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம் இன்னும் நடைமுறைக்கு வரவில்லை. ஆகவே தனியாளாகப் போய் லாரியை மறிக்காதீர்கள், இரவில் குவாரிக்குப் போகாதீர்கள். வண்டி எண், நேரம், இடம், தூரத்திலிருந்து எடுத்த படம் இவை போதும். புகாரில் இருபது, முப்பது பேர் கையெழுத்துப் போடுங்கள். மிரட்டல் வந்தால் அன்றே எழுத்தில் காவல் கண்காணிப்பாளருக்குத் தெரிவியுங்கள்.

வீடு கட்டுகிறவர்களுக்கும் இதில் கடமை உண்டு. மண்ணும் ஜல்லியும் இறங்கும்போது நடைச்சீட்டைக் கேட்டு வாங்குங்கள். வண்டி எண், தேதி, அளவு, புறப்பட்ட இடம் பொருந்துகிறதா என்று பாருங்கள். சீட்டு இல்லாத மண்ணைத் திருப்பி அனுப்புங்கள். வாங்க ஆளில்லாத மண்ணை யாரும் திருட மாட்டார்கள். அடுத்த கிராம சபையில், நம் கண்மாயில் இந்த ஆண்டு யார் பெயரில் எத்தனை நடை மண் போனது என்று கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்குங்கள்.