யாரைத் திட்டினார் பாப் டிலன்?

சிநேகிதன் என்று சொல்லிக்கொண்டே முதுகுக்குப் பின்னால் பேசிய ஒருவரை, ஏறத்தாழ நாலு நிமிடம் வாங்கு வாங்கென்று வாங்குகிறது அந்தப் பாட்டு. மூச்சுவிடப் பல்லவிகூடக் கிடையாது. நாலு நாலு வரியாக 12 கண்ணிகள். திட்டு வாங்குகிறவரின் பெயர் மட்டும் எங்குமே இல்லை. பாப் டிலனின் 'பாசிட்டிவ்லி ஃபோர்த் ஸ்ட்ரீட்' 1965 செப்டம்பரில் வெளிவந்தது. அன்று தொடங்கிய ஆள்தேடல் இன்னும் ஓயவில்லை.

சந்தேகம் எப்படிக் கிளம்பியது?

1965 ஜூலை 25 அன்று நியூபோர்ட் நாட்டுப்புற இசை விழாவில் டிலன் மின்சார கிடாரோடும் வாத்தியக் குழுவோடும் மேடையேறினார். கூட்டத்தில் ஒரு பகுதி கூச்சல் போட்டது. நான்கே நாளில் நியூயார்க்கில் இந்தப் பாட்டு பதிவானது. அப்படியானால் கோபம் பழைய நாட்டுப்புறச் சகாக்கள் மீதுதான் என்று பலரும் முடிவுகட்டினார்கள்.

யார் யார் பெயர் அடிபடுகிறது?

'சிங் அவுட்!' இதழாசிரியர் இர்வின் சில்பர், டிலன் மக்களிடமிருந்து விலகிப்போவதாக 1964 நவம்பரில் பகிரங்கக் கடிதம் எழுதியவர். ஆனால் அச்சில் பெயர் போட்டுக் குறை சொன்னவரைப் புறம்பேசி என்பது பொருந்தவில்லை. பாடகர் ஃபில் ஓக்ஸை டிலன் காரிலிருந்து இறக்கிவிட்ட கதை பிரசித்தம். அது இந்தப் பாட்டு வந்த பிறகு நடந்தது. 1961இல் டிலனுக்குக் கச்சேரி ஏற்பாடு செய்துகொடுத்த கடைக்காரர் இஸி யங், பாடகி ஜோன் பயஸ், முன்னாள் காதலி சூஸ் ரோட்டோலோ என்று பட்டியல் நீள்கிறது. எவருக்கும் உறுதியான சான்று கிடையாது.

தெருப் பெயர் துப்புக் கொடுக்காதா?

தலைப்பிலுள்ள தெரு பாட்டுக்குள் வருவதே இல்லை. நியூயார்க்கின் கிரீன்விச் வில்லேஜில், மேற்கு 4ஆம் தெரு 161ஆம் எண் கட்டடத்தில் டிலன் குடியிருந்தார். அதற்கு முன் அவர் மாணவராகத் திரிந்த மினியாபொலிஸிலும், பல்கலைக்கழகத்தை ஒட்டி ஒரு 4ஆம் தெரு உண்டு. துப்பைப் பிடித்துக்கொண்டு போனால் இரண்டு ஊர்களில் போய் நிற்க வேண்டியிருக்கிறது.

பெயரைச் சொல்லாததில் என்ன லாபம்?

முந்தைய ஆண்டு வந்த 'பேலட் இன் பிளெயின் டி'யில், சூஸுடன் முறிந்த காதலையும் அவருடைய அக்காளோடு மூண்ட சண்டையையும் டிலன் அப்பட்டமாகப் பாடியிருந்தார். யாரைச் சொல்கிறார் என்று வில்லேஜில் யாரும் மண்டையை உடைத்துக்கொள்ளத் தேவையிருக்கவில்லை. அதை வெளியிடாமலே இருந்திருக்கலாம் என்று பின்னாளில் அவரே வருந்தினார். ஆள் தெரிந்த பாட்டு வீட்டுச் சண்டையாகச் சுருங்கிப்போனது. ஆள் தெரியாத பாட்டோ அமெரிக்கத் தரவரிசையில் 7ஆம் இடம் வரை ஏறியது.

கஷ்டகாலத்தில் எட்டி நின்றது, பேர் வந்ததும் ஒட்டிக்கொண்டது என்ற குற்றச்சாட்டுகள் ஒரு கூட்டத்துக்கே பொருந்தக்கூடியவை. ஒருவர் பெயரை டிலன் சொல்லியிருந்தால் மற்றவர்கள் எல்லோரும் தப்பித்திருப்பார்கள்.