இருதயத்துக்கு ஒரு மோட்டார்: ஓய்வுபெற்ற பல் மருத்துவர் ஒருவர் விட்டுச்சென்ற ஈவு



பெரிய முதலியார்சாவடியில் ஒரு மாலை நேரம். வியாதியஸ்தர்களைப் பார்த்து முடித்து, மருந்துப் பெட்டிகளைக் கட்டிக்கொண்டிருந்தோம். நாற்பது வருஷம் கடலுக்குப் போய் வந்த பெரியவர் ஒருவர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். இரண்டு கால்களும் வீங்கியிருந்தன. படுத்தால் மூச்சு முட்டுவதால் இரவிலும் உட்கார்ந்தே தூங்குகிறவர். அவர் எங்கள் டாக்டரிடம் கேட்டார்: "டாக்டரம்மா, கட்டுமரத்துக்கு மோட்டார் வச்சாங்க, அது ஓடுது. பழுதாப்போன நெஞ்சுக்கு ஒரு மோட்டார் வைக்க முடியாதா?"

பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நாங்கள் சிரிக்கவில்லை. ஏனென்றால் இதே கேள்வியை மருத்துவ உலகம் பல வருஷங்கள் கேட்டது. அதற்குப் பதில் காணத் தன் சரீரத்தையே கொடுத்தவர் ஒரு பல் மருத்துவர். அவரைப் பற்றி இந்த இதழில் உங்களுக்குச் சொல்ல விரும்புகிறோம்.

அவர் பெயர் பார்னி கிளார்க். அமெரிக்காவில் யூட்டா மாநிலத்தின் புரோவோ என்ற ஊரில் 1921-ல் பிறந்தவர். சியாட்டில் நகரப் பகுதியில் பல் மருத்துவராக வேலை செய்தார். நாள் முழுவதும் குனிந்து, பிறர் வாய்க்குள் பார்க்கும் வேலை அது. அதை முடித்து ஓய்வு பெற்றபோது அவருடைய ஆசைகள் எளியவை. மனைவி யூனா லாயோடும் பிள்ளைகளோடும் இருக்க வேண்டும். வெளியே காற்றோட்டமாக நடக்க வேண்டும். கோல்ஃப் ஆட வேண்டும். கோல்ஃப் என்பது பசும்புல் வெளியில் மைல்கணக்கில் நடந்து ஆடும் ஆட்டம். அதில் அவருக்கு மிகுந்த பிரியம்.

ஆனால் அவர் எதிர்பார்த்த ஓய்வுக்காலம் அவருக்குக் கிடைக்கவில்லை. இருதயத்தின் தசை பலவீனப்பட்டுக்கொண்டே வந்தது. நுரையீரலும் பழுதாகியிருந்தது. மைல்கணக்கில் நடந்தவருக்குச் சில அடிகள் நடப்பதே பாரமாயிற்று.

இந்த வியாதி என்ன என்று சுருக்கமாகச் சொல்கிறோம். நம் இருதயம் ஒரு நாளைக்குச் சுமார் ஒரு லட்சம் தடவை துடிக்கிறது. ஓய்வாக இருக்கும்போதே நிமிஷத்துக்கு ஏறக்குறைய 5 லிட்டர் இரத்தத்தைத் தள்ளுகிறது. அதன் தசை தளர்ந்தால் இரத்தம் முன்னே போவது குறைந்து, பின்னே தேங்குகிறது. நுரையீரலில் தேங்கினால் மூச்சு முட்டும். படுத்தால் அது அதிகமாகும். கால்களில் தேங்கினால் வீக்கம் வரும். சிறுநீரகத்துக்கு இரத்தம் குறைவாகப் போவதால், அது உப்பையும் தண்ணீரையும் வெளியேற்றாமல் பிடித்து வைத்துக்கொள்கிறது. அதனால் பலவீனமான இருதயத்தின்மேல் இன்னும் பாரம் ஏறுகிறது. இருதயம் நின்றுவிட்டது என்பதல்ல, அதனால் ஈடுகொடுக்க முடியவில்லை என்பதே இதன் பொருள்.

1982-ன் கடைசியில் கிளார்க் அந்த நிலைமையின் முடிவுக்கு வந்திருந்தார். வயது 61. மாற்று இருதயம் பொருத்த அந்தக் காலத்தில் அவ்வளவு வயதானவர்களை எடுத்துக்கொள்ளமாட்டார்கள். மருந்துகள் பயன்படவில்லை. அப்போது சால்ட் லேக் சிட்டி நகரத்திலுள்ள யூட்டா பல்கலைக்கழகத்தில் ஒரு செயற்கை இருதயம் தயாராகியிருந்தது. மரக்காணத்து வாசகர்களே, அந்த நகரமும் உங்களைப் போலவே உப்பினால் பேர்பெற்றது. பக்கத்திலுள்ள உப்பு ஏரியே அதற்குப் பெயர் கொடுத்தது!

அந்த ஆராய்ச்சிக்குத் தலைமை தாங்கியவர் வில்லெம் கோல்ஃப். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், ஜெர்மானியர் பிடியிலிருந்த நெதர்லாந்தில் இருந்துகொண்டு, இரத்தத்தைச் சுத்திகரிக்கும் செயற்கைச் சிறுநீரக இயந்திரத்தைச் செய்தவர் அவரே. இன்று நம் ஊர்களில் டயாலிசிஸ் செய்துகொள்ளும் ஒவ்வொருவரும் அவருக்குக் கடமைப்பட்டவர்கள். இருதயக் கருவியை வடிவமைத்த குழுவில் முக்கியமானவர் ராபர்ட் ஜார்விக். அதனால் அதற்கு 'ஜார்விக்-7' என்று பெயர். கன்றுக்குட்டிகளிலும் ஆடுகளிலும் வைத்துச் சோதித்திருந்தார்கள். நிரந்தரமாக இருக்கும்படி எந்த மனிதருக்கும் அதுவரை வைத்ததில்லை.

கிளார்க் அந்த விலங்குகளை நேரில் பார்த்தார். உடனே சம்மதம் சொல்லவில்லை, யோசித்தார். பிறகு முன்வந்தார். அவரிடம் கொடுக்கப்பட்ட சம்மதப் பத்திரம் 11 பக்கம். அதில் ஒரு தடவை கையெழுத்திட்டால் போதாது. யோசிக்க அவகாசம் கொடுத்து, இரண்டாம் தடவையும் கையெழுத்து வாங்கினார்கள். சுகமாகி வீடு திரும்புவோம் என்று அவர் தன்னை ஏமாற்றிக்கொள்ளவில்லை. அதிக நாள் பிழைக்க வழியில்லை என்று தெரிந்தும், பின்னால் வரும் வியாதியஸ்தர்களுக்கு இதனால் ஏதாவது பிரயோஜனம் உண்டாகட்டும் என்றே ஒப்புக்கொண்டார்.

1982 டிசம்பர் 2-ம் தேதி டாக்டர் வில்லியம் டிவ்ரீஸ் தலைமையில் அறுவை சிகிச்சை நடந்தது. இருதயத்தின் கீழறைகள் இரண்டையும் நீக்கி, அந்த இடத்தில் கருவியை வைத்தார்கள். அது வேலை செய்யும் விதம் எளிது. ஒவ்வொரு அறைக்குள்ளும் ஒரு மெல்லிய சவ்வு இருக்கும். சவ்வின் ஒரு பக்கம் இரத்தம், மறுபக்கம் காற்று. வெளியிலிருந்து காற்றை அழுத்தினால் சவ்வு எழும்பி இரத்தத்தைத் தள்ளும். காற்றை விட்டால் அறை மறுபடியும் நிரம்பும். காற்றை அனுப்பும் இயந்திரமோ துணி துவைக்கும் இயந்திரத்தைப் போலப் பெரியது. வயிற்றின் வழியாக வெளியே வந்த இரண்டு குழாய்கள் அவரை அதனோடு பிணைத்திருந்தன.

இருதயம் இல்லாமல் தன் கணவருக்கு இனி அன்புசெலுத்த முடியுமா என்று யூனா லாய் மருத்துவர்களிடம் கேட்டார் என்று சொல்வார்கள். படித்தவர்கள் நகைக்கலாம். ஆனால் நம் கிராமத்துத் தாய்மாரும் இதையே கேட்பார்கள். கண் விழித்த கணவர் அவருக்கு முன்னைப் போலவே கணவராக இருந்தார்.

அதன்பின் வந்த நாட்களை மறைக்காமல் சொல்ல வேண்டும். நுரையீரலிலிருந்து காற்றுக் கசிந்தது, வலிப்பு வந்தது, கருவியின் வால்வு ஒன்று உடைந்து மாற்ற வேண்டியதாயிற்று. கட்டியாகாமலிருக்கக் கொடுத்த மருந்தினால் மூக்கிலிருந்து இரத்தம் வடிந்தது. வேதனை தாங்காத நேரம் வந்தால் இயந்திரத்தை நிறுத்திக்கொள்ள ஒரு சாவி அவரிடம் கொடுக்கப்பட்டிருந்தது. அவர் அதை உபயோகிக்கவில்லை. 112 நாட்கள் உயிரோடிருந்து, 1983 மார்ச் 23-ல் மரித்தார். மற்ற உறுப்புகள் ஒவ்வொன்றாகத் தளர்ந்தன. செயற்கை இருதயம் மட்டும் கடைசிவரை ஓடிக்கொண்டிருந்தது. வெளிக்காற்றை நேசித்த அவர் மருத்துவமனையை விட்டு வெளியே வரவே இல்லை.

இது வெற்றியா, தோல்வியா? இதைப் பற்றி அக்காலத்தில் பலத்த வாதம் நடந்தது. நாங்களும் எங்களுக்குள் பேசிப் பார்த்தோம். அவருக்குக் கிடைத்தது சுகமல்ல. ஆயினும் அவர் கொடுத்தது வீணாகவில்லை. மனிதனுடைய இருதயத்தை எடுத்துவிட்டு இயந்திரத்தால் மாதக்கணக்கில் இரத்தத்தை ஓட்டலாம் என்று அப்போது நிச்சயமாயிற்று. இரத்தம் கட்டுவது, கிருமி தொற்றுவது ஆகிய இரண்டுமே பெரிய தடைகள் என்றும் தெரிந்தது. அதே கருவியின் வழிவந்த ஒன்றுக்கு, மாற்று இருதயம் கிடைக்கும்வரை உயிரைக் காக்கும் உதவியாக, 2004-ல் அமெரிக்க அரசு அனுமதி கொடுத்தது. இன்று இடது அறைக்கு மட்டும் உதவும் சிறிய பம்புகளோடு பலர் வீட்டில் வாழ்கிறார்கள், நடக்கிறார்கள். கிளார்க்குக்குக் கிடைக்காத வெளிக்காற்று அவர்களுக்குக் கிடைக்கிறது.

நம் நாட்டில் 1994 ஆகஸ்டு 3-ம் தேதி புது டில்லி எய்ம்ஸில் டாக்டர் வேணுகோபால் குழுவினர் முதல் வெற்றிகரமான இருதய மாற்று அறுவை சிகிச்சையைச் செய்தார்கள். 2008-ல் திருக்கழுக்குன்றத்தைச் சேர்ந்த மருத்துவத் தம்பதியர், விபத்தில் மூளைச்சாவு அடைந்த தங்கள் மகன் ஹிதேந்திரனின் உறுப்புகளைத் தானமாகக் கொடுத்தார்கள். அவனுடைய இருதயம் ஒரு சிறுமிக்குள் துடித்தது. தமிழ்நாட்டில் உறுப்பு தானத்தின் மேல் ஜனங்களுக்கு நம்பிக்கை வந்தது அதற்குப் பிறகுதான். தன் துக்கத்தின் நடுவே பிறரை நினைத்தவர்களால் மருத்துவம் வளர்ந்தது என்பதை இரண்டு கதைகளும் சொல்லுகின்றன.

இனி பெரியவருக்கு நாங்கள் சொன்ன பதிலுக்கு வருகிறோம். "ஐயா, மோட்டார் உண்டு. ஆனால் உங்களுக்கு இப்போது அது வேண்டாம். உங்கள் நெஞ்சு இன்னும் ஓடுகிறது, அதன் பாரத்தைக் குறைத்தால் போதும்." மாத்திரையை விடாமல் சாப்பிடச் சொன்னோம். தினமும் காலையில் எடை பார்க்கச் சொன்னோம். இரண்டு மூன்று நாளில் இரண்டு கிலோ ஏறினால் அது சதையல்ல, தண்ணீர். உடனே வர வேண்டும். பீடியை விடச் சொன்னோம். கடைசியாகச் சொன்னதுதான் கடினமானது: உப்பைக் குறைக்க வேண்டும்.

வடக்கே மரக்காணத்தில் பாத்தி பாத்தியாக உப்பு விளைகிறது. கரையில் கருவாடு காய்கிறது. இந்தக் கரையில் உப்பைக் குறை என்பது பிழைப்பையே பழிப்பதுபோல் கேட்கும். ஆனால் சுகமாயிருப்பவருக்கே நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவாக, அதாவது ஒரு சிறு தேக்கரண்டிக்குள், உப்பு போதும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லுகிறது. உப்பு தண்ணீரைப் பிடித்துவைக்கும். தண்ணீர் இருதயத்தை அமுக்கும். கருவாடு, ஊறுகாய், அப்பளம் மூன்றையும் விட்டு, புதுமீனைப் புளியும் மிளகும் போட்டுக் குழம்பு வைக்கலாம் என்று அவருடைய மருமகளிடம் சொன்னோம்.

"கருவாட்டை விட மோட்டாரே வச்சிக்கலாம் போல" என்றார் பெரியவர். இந்தத் தடவை நாங்களும் சிரித்தோம். அடுத்த மாதம் போனபோது வீக்கம் குறைந்திருந்தது. ஒரு தலையணையில் படுத்துத் தூங்குவதாகவும், பேரனைக் கூட்டிக்கொண்டு விடியற்காலையில் கரைவரை நடந்து வருவதாகவும் சொன்னார்.

குடும்பத்தோடு இருப்பது, வெளியே நடப்பது. அந்தப் பல் மருத்துவர் ஆசைப்பட்டதும் இவ்வளவுதான். உங்கள் வீட்டில் யாருக்காவது படுத்தால் மூச்சு முட்டினால், மாலையில் கால் வீங்கினால், வயது ஆகிவிட்டது என்று விட்டுவிடாமல் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.