ஐந்தும் ஒன்றரையும்

தூக்கத்தைக் குறைத்து நாளை நீட்டிக்கொள்ளலாம் என்ற ஆசை புதிதல்ல. அமெரிக்க வடிவமைப்பாளர் பக்மின்ஸ்டர் ஃபுல்லர் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை அரை மணி நேரம் கண்ணயர்ந்து, நாளுக்கு இரண்டே மணி நேரத் தூக்கத்தில் இரண்டு ஆண்டுகள் ஓட்டியதாக 1943இல் டைம் இதழ் எழுதியது. அவர் அதைக் கைவிட்டதற்குச் சொன்ன காரணம் வேடிக்கையானது: தொழில் கூட்டாளிகள் எல்லாரையும்போல இரவில் தூங்கினார்களாம், நேரம் ஒத்துவரவில்லையாம். அவருக்குப் பின் இந்த வழியில் இறங்கியவர்கள் நான்கு மணி நேரத்துக்கு ஒரு முறை இருபது நிமிடம் என்றெல்லாம் அட்டவணை போட்டார்கள். பெரும்பாலோர் காட்டும் சான்று ஒன்றுதான்: “பழகிவிட்டது, நன்றாகத்தான் இருக்கிறேன்.”

அந்தச் சான்றுக்கு மதிப்பில்லை என்று 2003லேயே தெரிந்துவிட்டது. பென்சில்வேனியா பல்கலைக்கழக ஆய்வில் இரண்டு வாரம் நாளுக்கு ஆறு மணி நேரம் மட்டும் தூங்கியவர்களின் கவனம், ஒன்றிரண்டு இரவுகள் கண்ணே மூடாதவர்களின் அளவுக்குச் சரிந்தது. தாங்கள் அப்படிச் சரிந்திருப்பது அவர்களுக்குத் தெரியவே இல்லை. கொஞ்சம் அசதி, அவ்வளவுதான் என்றார்கள்.

தூக்கத்தைத் துண்டு போடுவதை ஒழுங்காக அளந்து பார்த்த சோதனைகளில் ஒன்று நம் சிங்கப்பூரில் நடந்தது. அதற்கு இங்கே தேவையும் இருந்தது. 1982ஆம் ஆண்டு தொடங்கியபோது மலேசியாவோடு சேர்ந்து நாமும் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னே தள்ளினோம். நாம் இருக்கும் தீர்க்கரேகைப்படி பார்த்தால் கடிகாரம் சூரியனைவிட ஒரு மணி நேரத்துக்கும் மேல் முந்தி ஓடுகிறது. காலை ஏழரைக்குப் பள்ளி மணி அடிக்கும்போது சூரியக் கணக்கில் ஆறு இருபத்தைந்துதான். மறுமுனையில் துணைப்பாட வகுப்பும் வீட்டுப்பாடமும் கைப்பேசியும் இரவை இழுத்துக்கொண்டே போகின்றன. நன்யாங் பெண்கள் உயர்நிலைப் பள்ளி 2016 ஜூலையில் துணிந்து 45 நிமிடம் தாமதமாகத் தொடங்கிப் பார்த்தது. ஒன்பது மாதம் கழித்து அளந்தபோது மாணவியருக்கு மிஞ்சிய கூடுதல் தூக்கம் 10 நிமிடம்.

சரி, இரவு நீளாது என்றால் மீதியைப் பகலில் தரலாமா? டியூக்-என்யுஎஸ் மருத்துவப் பள்ளியில் மைக்கேல் சீ, ஜூன் லோ ஆகியோரின் குழு இதைச் சோதித்து 2019இல் முடிவுகளை வெளியிட்டது. 15 முதல் 19 வயதுவரை உள்ள 58 பேரை விடுதியில் தங்கவைத்தார்கள். பாதிப் பேருக்கு இரவில் ஒரே மூச்சாக ஆறரை மணி நேரம் படுக்கை. மற்றவர்களுக்கு இரவில் ஐந்து, பிற்பகலில் ஒன்றரை. மொத்தம் ஒன்றுதான்.

பிரித்துத் தூங்கியவர்கள் ஜெயித்தார்கள். கவனம், வேலை நினைவாற்றல், மூளையின் வேகம், மனநிலை எல்லாவற்றிலும் அவர்களே மேல். இத்தனைக்கும் உண்மையில் தூங்கிய நேரம் அவர்களுக்குத்தான் குறைவு. விழித்திருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் மூளையில் அடினோசின் என்ற பொருள் சேர்ந்து தூக்கத்தை அழைக்கிறது. காப்பி அதைக் குறைப்பதில்லை. அடினோசின் உட்காரும் நாற்காலியில் போய்த் தான் உட்கார்ந்துகொள்கிறது. குட்டித் தூக்கமோ சேர்ந்ததையே குறைத்துவிடுகிறது. உண்ட மயக்கம் தொண்டனுக்கும் உண்டு என்று சோற்றின் மேல் பழி போடுகிறோமே, சாப்பிடாதவருக்கும் அந்த நேரத்தில் கண் சொருகும். உடலின் உட்கடிகாரம் அப்படி. ஆக, பிற்பகலில் படுப்பதைச் சோம்பல் என்று திட்டியவர்கள் திருப்பி வாங்கிக்கொள்ளலாம்.

ஆனால் அந்த ஆய்வுக் குழு காலையில் குளுக்கோஸ் கரைசலைக் குடிக்கக் கொடுத்து ரத்தச் சர்க்கரையையும் அளந்தது. அங்கே கதை தலைகீழ். பிரித்துத் தூங்கியவர்களின் சர்க்கரைதான் அதிகம் ஏறியிருந்தது. சோதனையை இரண்டு சுற்று நடத்தினார்கள், இரண்டிலும் அப்படியே. இரவு குறுகினால் சர்க்கரை தடுமாறும் என்பதற்கு முன்பே தடயம் உண்டு: 1999இல் சிகாகோவில் ஈவ் வான் காட்டர் குழு 11 இளைஞர்களை ஆறு இரவு நான்கு மணி நேரமே படுக்கவிட்டபோது, ரத்தத்திலிருந்து சர்க்கரை வெளியேறும் வேகம் சுமார் 40 விழுக்காடு குறைந்தது. சிங்கப்பூர்ப் பிள்ளைகள் யாருக்கும் நீரிழிவு வந்துவிடவில்லை, நடந்தது சில நாள் சோதனைதான். இருந்தாலும் தலை தெளிவாக இருந்த அதே உடம்புக்குள் இது நடந்திருக்கிறது என்பதுதான் என்னை உறுத்துகிறது. விழிப்பு நேரத்தைக் கூட்டிக்கொண்ட பெருமையில் இருப்பவர் தன் தலையை மட்டுமே கேட்டுப் பார்க்கிறார், கணையத்தை அல்ல. தலையிலும் முழு வெற்றி இல்லை. சிங்கப்பூர் ஆய்வாளர்களின் முந்தைய ஆய்வொன்றில் ஒன்பது மணி நேரம் படுக்கை கிடைத்தவர்களின் கவனத்தை இரு குழுவுமே எட்டவில்லை.

அமெரிக்கத் தேசியத் தூக்க அறக்கட்டளை கூட்டிய வல்லுநர் குழுவும் 2021இல், தூக்கத்தைப் பல துண்டாக்கும் இத்தகைய அட்டவணைகள் வேண்டாம் என்றே சொன்னது.

இதைச் சிங்கப்பூர் இந்தியர்கள் கூடும் தேக்காவில் வைத்துப் படித்தால் வேறு அர்த்தம் வருகிறது. விடியுமுன் கடைக்குச் சரக்கு இறக்குகிறவர், இரவு நேரப் பணி முடித்துப் பகலில் படுக்கிறவர், பின்னிரவில் வாடகை வண்டி ஓட்டுகிறவர் யாரும் ஃபுல்லரைப் படித்துவிட்டு ஐந்தும் ஒன்றரையுமாகத் தூங்கவில்லை. வேலை அப்படி. 2010 தேசியச் சுகாதார ஆய்வில் சிங்கப்பூர் இந்தியர்களில் 17.2 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது, சீனர்களில் 9.7. இதற்கு மரபும் உணவும் உடலுழைப்புக் குறைவும் காரணங்களாகச் சொல்லப்படுகின்றன, நியாயம்தான். ஆனால் அடுத்த முறை மருந்தகத்தில் சோறு எவ்வளவு, ரொட்டி எவ்வளவு என்று கேட்கும்போது, தூங்கிய மணியையும் சொல்லுங்கள். “ஆறரை” என்று மொத்தமாக வேண்டாம். இரவில் எத்தனை, பகலில் எத்தனை என்று பிரித்து.